ரேகை விழாத கைநாட்டு

அண்ணனை மண்ணில் வைத்த நான்காம் நாள் ஏசடியான் கோயிலுக்கு வந்தபோது அவன் மூக்குக்குக் கீழே மீசை இல்லை. அதுதான் அவனைக் காட்டிக் கொடுத்தது. வேறு யாரும் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை.

ஆம்பூரில் முஸ்லிம் முதலாளிகளின் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிறு வேலைநாள். ஆகையால் பாலாற்றோரத்துக் கோயிலில் ஞாயிறு ஆராதனை காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடும். எட்டு மணிக்கு ஷாப்புச் சங்கு ஊதுவதற்குள் ஆசீர்வாதம் சொல்லி முடித்தாக வேண்டும். இருட்டு முழுசாய் விலகாத அந்த வெளிச்சத்திலும், இருபத்தைந்து வருஷமாய் இருந்த மீசை இல்லாமல் போனது எல்லார் கண்ணிலும் பட்டது. சபை மூப்பர் ஒருவர் பாட்டு நடுவிலேயே திரும்பிப் பார்த்தார். சபையின் போதகர் வேதமாணிக்கம் ஐயர் பிரசங்க மேடையிலிருந்து ஒருமுறை பார்த்தார். அப்புறம் பிரசங்கம் முடிகிறவரை அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

மீசை எடுப்பது எதற்கென்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். செத்தவனுக்குக் கொள்ளிச்சட்டி தூக்கினவன் எடுப்பான்.

அண்ணன் முனிரத்தினத்துக்குப் பிள்ளை இல்லை. பொங்கல் கழிந்து ஐந்தாறு நாளில் இருமி இருமியே அடங்கிவிட்டார். பாடை கட்டியாயிற்று, மேளம் அடித்தாயிற்று, சட்டியில் நெருப்பும் போட்டாயிற்று. தூக்க ஆள் இல்லை. தூரத்துப் பங்காளி ஒருவன் இருந்தான். அவன் குடித்துவிட்டு மேளக்காரர்கள் காலடியில் கிடந்தான்.

"தம்பிக்காரன் நிக்கிறானே," என்றது ஒரு குரல்.

"அவன் வேதக்காரனாச்சே. அவங்க ஐயரு அவுத்து வுட்டாத்தானே வருவான். வேடிக்கை பாக்க வந்துகிறான், வுடு."

நாலு பேர் சிரித்தார்கள். அண்ணி கங்கம்மாள் சிரிக்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. பாடையின் தலைமாட்டில் உட்கார்ந்து, புருஷன் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் கட்டியிருந்த துணி முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கூப்பிட்டிருந்தால்கூட ஏசடியான் முடியாது என்று சொல்லியிருப்பான். அவள் கூப்பிடாததுதான் அவனைத் தள்ளியது. சட்டையைக் கழற்றிவிட்டுப் போய்ச் சட்டியைத் தூக்கினான். மூன்று சுற்று சுற்றி மண்குடத்தையும் உடைத்தான். சட்டி தூக்கிப் போகும்போது என்ன சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்தது கோயிலில் கற்ற பரமண்டல ஜெபம் ஒன்றுதான். அதையே உதட்டுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு இடுகாடுவரை நடந்தான்.

அவனுக்குச் சின்னப்பையன் என்று பேர் இருந்த காலத்தில், உபதேசியார்கள் சேரிக்கு வந்து ஞானஸ்நானத்துக்குப் பேர் எழுதினார்கள். தாயார் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். முனிரத்தினம்தான் வழி சொன்னார்.

"சின்னா, உனக்கு மனசு இருந்தா நீ போ. நான் இங்க இருந்துக்கறேன். ரெண்டு பேரும் போய்ட்டா அம்மாளுக்கு நாளைக்கு யார் படையல் வெப்பாங்க? ஒருத்தன் இருந்தா போதும். நீ போய் உன் சாமிகிட்ட என்னையும் ஒரு வார்த்தை சொல்லி வை. நான் நம்ம சாமிகிட்ட உன்னைச் சொல்லி வெக்கிறேன்."

அப்படித்தான் ஏசடியான் ஆனான். அவன் போக முடிந்தது, அண்ணன் நின்றதால்.

*

அந்த ஞாயிறு மாலை ஐயர் ஆள் அனுப்பினார். பங்களா வராந்தாவில் அவரும் உபதேசியார் ஞானாபரணமும் இருந்தார்கள். ஞானாபரணத்துக்கு வயது முப்பதுகூட இராது. ஏசடியானைவிடப் பதினைந்து வயது சின்னவர்.

"சட்டி தூக்கினாயா?" என்றார் ஐயர்.

"தூக்கனேன் ஐயா."

"குடம் உடைத்தாயா?"

"ஒடச்சேன்."

"அங்கே என்ன மந்திரம் சொன்னார்கள், நீ என்ன சொன்னாய்?"

"அவங்க இன்னா சொன்னாங்களோ எனக்குக் காதுல ஏறல ஐயா. நான் பரமண்டல ஜெபம் சொன்னேன்."

ஐயர் முகம் சுருங்கியது. கோபம் என்று ஏசடியான் நினைத்தான். ஆனால் அவர் குரல் தாழ்ந்துதான் வந்தது.

"அது இன்னும் மோசம், ஏசடியான். பிசாசின் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஆண்டவருடைய ஜெபத்தை வாயில் சொன்னாயே. நீ கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நான் இந்தச் சபைக்கு வந்த முப்பது வருஷத்தில் பின்வாங்கிப் போன குடும்பங்களை எண்ணிப் பார்த்திருக்கிறேன். பாதிக்கு மேல் சாவு வீட்டு வழியாகத்தான் போனார்கள். ஒருத்தருக்கு அண்ணன், ஒருத்தருக்கு மாமன். இன்றைக்கு உனக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சட்டி இருக்கும். எனக்கு வேறு வழி இல்லையப்பா."

அவர் சொன்னதில் பொய் இல்லை என்று அவனுக்கே தெரிந்தது.

ஐயர் ஒரு தாளை நீட்டினார். அச்சடித்த தாள். பாவத்தில் விழுந்து எழுந்தவர்கள் எல்லாருக்கும் அந்த ஒரே தாள்தான். பேர் எழுத மட்டும் இடம் விட்டிருந்தது. எழுத்துத் தெரிந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை சபை முன்னால் முழங்கால் போட்டு, அதைத் தாங்களே உரக்க வாசித்துக் கையெழுத்துப் போட வேண்டும். தெரியாதவர்களுக்கு ஐயர் வாசிப்பார். அவர்கள் "ஆம்" என்று சொல்லிக் கைநாட்டு வைத்தால் போதும். அதைச் செய்கிறவரை சபையில் சேர்த்தி இல்லை, நற்கருணை அப்பமும் ரசமும் இல்லை.

"பெர்சியாளுக்கு ஓலை..." என்று இழுத்தான் ஏசடியான்.

மகள் பெர்சியாளைப் பேரணாம்பட்டில் பெண் கேட்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டும். லெந்து என்கிற நோன்பு நாட்கள் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் கழிகிறவரை கல்யாணம் கிடையாது. மாப்பிள்ளை வீட்டில் அதுவரை காத்திருக்க மாட்டோம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

"சேர்த்தி இல்லாதவன் மகளுக்கு எப்படி ஓலை வாசிப்பது?" என்றார் ஐயர். "வருகிற ஞாயிறு அறிக்கை செய். அந்த நாளே முதல் ஓலை வாசிக்கிறேன். நான் உன் பிள்ளைக்குக் குறுக்கே நிற்கிறவன் இல்லை."

*

தாளைப் படிக்க அவனுக்கு மூன்று நாள் ஆயிற்று.

எழுத்து அவனுக்கு நாற்பத்து இரண்டாம் வயதில் வந்தது. அதுவும் ஆசையால் வரவில்லை, விரலால் வந்தது. சுண்ணாம்புத் தொட்டியில் இடுப்பளவு நின்று, ஊறின தோலைப் புரட்டிப் புரட்டி, விரல் நுனியெல்லாம் வெந்து உரிந்து வழவழ என்று ஆகிவிட்டது. ரேஷன் கார்டுக்குக் கைநாட்டு வைக்கப் போனபோது தாளில் ஒரு கறுப்புத் தீற்றல் விழுந்ததே தவிர, ஒரு கோடு இல்லை. குமாஸ்தா மறுபடி வைக்கச் சொன்னான், மறுபடியும் தீற்றல். "இது யார் விரலும் இல்லை, போ," என்று துரத்திவிட்டான். அதைக் கேட்டு ஞானாபரணம்தான் வெள்ளிக்கிழமை தோறும் ஷாப்பு லீவில் அவன் வீட்டுக்கு வந்து, சிலேட்டு வைத்துச் சொல்லிக்கொடுத்தார். பேர் எழுத ஒரு வருஷம். எழுத்துக் கூட்டிப் படிக்க இன்னொரு வருஷம். முதல்முறை ரேஷன் கார்டில் கையெழுத்துப் போட்ட அன்று, மனைவி சலோமி அந்தக் கார்டை அடுப்படி மாடத்தில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.

இப்போது அதே எழுத்தைக் கூட்டி அந்தத் தாளைப் படித்தான். மத்தியானச் சோற்று நேரத்தில், தோலுக்குப் போடுகிற ஆவாரம்பட்டை மூட்டைகளின் நிழலில் உட்கார்ந்து, விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாய். முதல் வரி பரவாயில்லை. சபைக்கு இடறல் உண்டாக்கினேன் என்றது. உண்டாக்கினது உண்மைதான். இரண்டாம் வரி, பிசாசின் ஊழியத்தில் பங்கு பெற்றேன் என்றது. மூன்றாம் வரி, என் இரட்சகரை மறுதலித்தேன் என்றது. கடைசியில், இவையெல்லாம் உண்மையென்று மனதார அறிக்கையிட்டு வருந்துகிறேன்.

ஷாப்பில் தோல் எண்ணிக் குறிக்கிற அப்துல் வஹீத் அந்தப் பக்கமாய் வந்தார். ஏசடியானோடு இருபது வருஷப் பழக்கம்.

"இன்னா தோஸ்த், கோர்ட்டு நோட்டீஸா?"

"கோயில் நோட்டீஸ் பாய்."

ஏசடியான் விஷயத்தைச் சொன்னான். வஹீத் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மூஞ்சில மீசை இல்லன்னதும் நான் கூட நினைச்சேன், வயசுப் பையனா ஆவறதுக்கு ஆசை வந்துருச்சுன்னு." பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "ஜாஸ்தி யோசிக்காதே. எங்க ஆளுங்களும் இதுல கம்மி இல்ல. கேட்டதைச் சொல்லிட்டு வா. உள்ள இருக்கறது உள்ள இருக்கட்டும்."

"உள்ள இருக்கறத கேக்கறவருகிட்டதானே பாய் சொல்லணும்?"

வஹீத் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "பேஜார் புடிச்ச ஆளுய்யா நீ," என்று தோல் எண்ணப் போய்விட்டார்.

சனிக்கிழமை வேலை விட்டு, உபதேசியார் வீட்டுக்குப் போனான். மூன்றாம் வரியை மட்டும் அடித்துவிடலாமா என்று கேட்டான். முதல் வரியைப் படிக்கிறேன், இரண்டாவதைக்கூட எப்படியாவது முழுங்கிக்கொள்கிறேன். மூன்றாவது நடக்கவே இல்லையே. சட்டியைத் தூக்கின நேரத்தில் ஆண்டவரைத் தவிர வேறு யாரையும் நான் கூப்பிடவில்லையே.

"அந்த வரியைப் பற்றி நானே ஐயரிடம் கேட்டுவிட்டேன்," என்றார் ஞானாபரணம். "ஒருத்தனுக்கு ஒரு வரியை எடுத்தால் எல்லாரும் ஒரு வரியை எடுக்கச் சொல்வார்கள் என்கிறார். எழுத்துச் சொல்லிக்கொடுத்ததே தப்போ என்று இருக்கிறது எனக்கு."

*

வழி சொன்னது சலோமி. அவள் சூதுக்காரி இல்லை. மகள் கல்யாணம் கைக்கு எட்டி நிற்கிறபோது தாய்க்கு வருகிற புத்தி அது.

"நீ எதுக்குப் படிக்கற? எழுத்து வராதுன்னு சொல்லிடு. ஐயரு படிப்பாரு, நீ ஆம்னு சொல்லு. எங்க அப்பன் காலத்துல யாரு புரிஞ்சு ஆம் சொன்னாங்க?"

"கைநாட்டு?"

"வையேன். உன் வெரல்லதான் ஒண்ணும் வுழாதே. அந்த ரேஷன்காரன் இன்னா சொன்னான், இது யார் வெரலும் இல்லன்னான். யார் வெரலும் இல்லாத வெரல வெச்சா நீ சொன்னதா எப்பிடி ஆவும்? கடவுளுக்குத் தெரியாதா அது?"

ஏசடியான் கட்டைவிரலைப் பார்த்தான். அவள் சொன்னது பிசகு என்று தெரிந்தது. எங்கே பிசகு என்று எடுத்துச் சொல்லத்தான் தெரியவில்லை. உள்ளே பெர்சியாள் கல்யாணத்துக்கு வாங்கின வெள்ளைச் சேலையை மறுபடி பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கும். அங்கே கங்கம்மாள் கூப்பிடாதது போலவே இங்கே இவளும் கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பலிபீடத்துக்கு முன்னால் முழங்கால் போட்டான். ஐயர் தாளை நீட்டினார்.

"எனக்கு எழுத்து வராது ஐயா," என்றான் ஏசடியான்.

கோயில் முழுக்கக் கேட்டது. ஐயர் உபதேசியாரைத் திரும்பிப் பார்த்தார். ஞானாபரணம் வலப் பக்கம் நின்றிருந்தார். இரண்டு வருஷ வெள்ளிக்கிழமைகள் அவருக்கு. தலையைக் குனிந்துகொண்டு போய் மை டப்பாவை எடுத்து வந்து மூடியைத் திறந்தார்.

ஐயர் வாசித்தார். இடறல் உண்டாக்கினேன். ஆம். பிசாசின் ஊழியத்தில் பங்கு பெற்றேன். ஆம். என் இரட்சகரை மறுதலித்தேன்.

மறுதலித்தவன்தான் நான், என்று ஏசடியானுக்கு அப்போது தோன்றியது. இடுகாட்டில் இல்லை, இப்போது, இங்கே, எழுத்து வராது என்று சொன்ன வாயால்.

"ஆம்," என்றான்.

கட்டைவிரலை மையில் அழுத்தித் தாளில் வைத்தான். கறுப்புத் தீற்றல் விழுந்தது. ஐயர் குனிந்து அதைப் பார்த்தார். ஒரு கோடு இல்லை, ஒரு சுழி இல்லை. நிமிர்ந்து ஏசடியான் முகத்தைப் பார்த்தார். பிறகு தாளை மடித்து அங்கிக்குள் வைத்துக்கொண்டு, சபை சகோதரனை மீண்டும் சேர்த்துக்கொள்கிறது என்று அறிவித்தார். அதன்பின் முதல் ஓலை வாசித்தார். பேரணாம்பட்டு சபையைச் சேர்ந்த இன்னாரும், ஆம்பூர் சபை ஏசடியான் குமாரத்தி பெர்சியாளும். பெண்கள் பக்கத்தில் சலோமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எட்டு மணிச் சங்கு ஊதியது. எல்லாரும் ஷாப்புக்கு ஓடினார்கள்.

*

கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. மூன்றாம் ஓலை வாசிக்கிறபோதே மீசை கறுக்கத் தொடங்கிவிட்டது. கல்யாணப் பந்தியில் பேரணாம்பட்டுச் சம்பந்தி அதைப் பார்த்து, "மாமனாருக்கு மீசை நல்லா வளருது," என்று கேலி செய்தார். ஏசடியானும் சிரித்தான்.

ஆனால் அவன் நற்கருணைக்குப் பேர் கொடுக்கவில்லை. அந்தச் சபையில் அது ஒரு வழக்கம்: நற்கருணை எடுக்க விரும்புகிறவர்கள் முதல் நாள் சனிக்கிழமை ஐயரிடம் போய்ப் பேர் கொடுக்க வேண்டும். அவர் நோட்டில் எழுதிக்கொள்வார். மாசியில் நற்கருணை ஒருமுறை வந்து போனது. பங்குனியில் ஒருமுறை போனது. சலோமி தன் பேரை மட்டும் கொடுத்துவிட்டு வந்தாள்.

"சபை சேத்துகிச்சு இல்ல, இன்னும் இன்னா?" என்றாள்.

"சபை சேத்துகிச்சு. நான் சேரல."

அதற்குமேல் அவனுக்கும் விளக்கத் தெரியவில்லை. தொட்டியில் நின்று தோல் புரட்டும்போது அதையே புரட்டிக்கொண்டிருந்தான். செய்யாத ஒன்றுக்கு மன்னிப்பு வாங்கியாயிற்று. செய்ததற்கு இன்னும் கேட்கவே இல்லை. கேட்க வேண்டுமானால் எந்தத் தாளில் கேட்பது? அச்சடித்த தாளில் அதற்கு வரி இல்லை. ஞானாபரணம் எதிரே வந்தால் ஏசடியான் வேறு சந்தில் திரும்பினான். ஒருநாள் சந்து இல்லாத இடத்தில் எதிர்ப்பட்டார். "நல்லா இருக்கீங்களா?" என்றுதான் கேட்டார். அது மற்ற எதைவிடவும் உறுத்தியது.

ஈஸ்டருக்கு முந்தின வெள்ளி. அன்று பெரிய வெள்ளி, வழக்கமான ஷாப்பு லீவும்கூட. ஆராதனை நேரம் போகப் பகல் முழுக்க வீட்டில் இருந்தான். சிலேட்டில் எழுதி எழுதி அழித்தான். சாயங்காலத்துக்குள் ஒரு தாளில் ஏற்றிவிட்டான். மறுநாள் வேலை விட்டுக் கை கால் கழுவி, சுண்ணாம்பு வாடை போகாத சட்டையோடு ஐயர் பங்களாவுக்குப் போனான்.

பேர் கொடுக்க வந்தவர்கள் எல்லாரும் போகும்வரை நின்றான். ஐயர் நோட்டும் பேனாவுமாய் நிமிர்ந்து, "வா, வா," என்றார். நிஜமாகவே சந்தோஷப்பட்ட மாதிரி இருந்தது. "எழுதிக்கொள்ளட்டுமா?"

"அதுக்கு முன்ன இத்தப் படிச்சிருங்க ஐயா."

எழுத்து பெரிதும் சிறிதுமாய் இருந்தது. ஐயர் விளக்குப் பக்கம் பிடித்து வாசித்தார்.

'என் அண்ணனுக்குச் சட்டி தூக்கினேன். அது பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை. கடவுளுக்குப் பாவமாய் இருந்தால் அவர் என்னைக் கேட்கட்டும். பாவம் என்று சபை முன் சொன்னேன். அது பொய். எழுத்து வராது என்று சொன்னேன். அதுவும் பொய். மகள் கல்யாணத்துக்காகச் சொன்னேன். இந்த இரண்டு பொய்க்கும் மன்னிப்புக் கேட்கிறேன். உபதேசியாரிடமும் கேட்கிறேன்.'

கீழே ஏசடியான் என்று கையெழுத்து.

ஐயர் தாளை மேஜைமேல் வைத்தார். கண்ணாடியையும் கழற்றி அதன்மேல் வைத்தார்.

"அன்றைக்கே தெரியும் எனக்கு," என்றார். "அந்தக் கைநாட்டைப் பார்த்ததும் தெரியும். எழுத்து வருமென்றும் தெரியும். நீ அப்படியாவது தப்பித்துக்கொள் என்றுதான் விட்டேன். உன் மகள் ஓலையை வாசிக்க எனக்கும் ஆசை இருந்ததப்பா."

ஏசடியான் நின்றுகொண்டே இருந்தான்.

"இந்தத் தாளை நான் வாங்கினால், மூப்பர்கள் முன்னால் வைத்தாக வேண்டும். வைத்தால் அந்த அறிக்கை செல்லாது. நீ மறுபடி விலக்கு. நாளைக்கே உனக்கு ஒன்று ஆனால் கல்லறைத் தோட்டத்தில் உன்னை வைக்க என்னால் முடியாது. இதை நீயே எடுத்துக்கொண்டு போய்விட்டால், நான் பார்க்கவில்லை. இந்த நோட்டில் உன் பேரை இப்போதே எழுதுகிறேன். நாளைக்கு ஈஸ்டர். வந்து முழங்கால் போடு. இரண்டில் ஒன்று சொல்."

கல்லறைத் தோட்டம் என்றதும் ஏசடியானுக்கு இரண்டு மண் நினைவுக்கு வந்தது. அவன் தாயாரின் மண்ணும் அண்ணனின் மண்ணும் ஒரு பக்கம். அவனும் சலோமியும் சேர்ந்து போகலாமென்று இருந்த மண் இன்னொரு பக்கம். சலோமி தனியாய் அங்கே கிடப்பாள். அவளிடம் கேட்காமல் வந்துவிட்டோமே என்று இருந்தது. கை தானாகத் தாளை நோக்கிப் போனது. மேஜை விளிம்பில் நின்றது.

"பேர் எழுத வேணாம் ஐயா," என்றான். "தாள வாங்கிக்குங்க."

"யோசித்துத்தான் சொல்கிறாயா?"

"யோசிச்சா எடுத்துனு போய்டுவேன் ஐயா. வாங்கிக்குங்க."

ஐயர் தாளை எடுத்து, மடிக்காமல், நோட்டுக்குள் வைத்தார்.

மறுநாள் காலை விடியுமுன்பே கோயில் நிரம்பிவிட்டது. ஏசடியான் கடைசி வரிசையில், கதவோரம் உட்கார்ந்தான். விலக்கில் இருக்கிறவர்களும் ஞானஸ்நானம் எடுக்காதவர்களும் உட்காருகிற இடம் அது. முந்தின இரவே சலோமியிடம் சொல்லிவிட்டான். அவள் அழவில்லை, திட்டவில்லை. "எனக்கு முன்ன நீ போயிடாதே, அவ்ளோதான்," என்று சொல்லிவிட்டுப் படுத்தாள்.

பேர் கொடுத்தவர்கள் வரிசையாய் முன்னால் போனார்கள். சலோமியும் போனாள். ஞானாபரணம் நற்கருணைக் கிண்ணத்தைத் துடைக்கிற துணியோடு ஐயர் பக்கத்தில் நின்றிருந்தார். ஒருமுறை தலையை நிமிர்த்திக் கடைசி வரிசைவரை பார்த்தார். இந்த முறை ஏசடியான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

சலோமி திரும்பி வந்தாள். பெண்கள் பக்கம் போகாமல், நேரே கதவோரம் வந்து அவனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். யாரோ திரும்பிப் பார்த்தார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை.

"கிண்ணம் குடுக்கும்போது ஐயரு கை ஆடுச்சு," என்றாள் மெல்ல.

"வயசாவுது அவருக்கும்," என்றான் ஏசடியான்.

ஷாப்புச் சங்கு ஊத இன்னும் நேரம் இருந்தது.